வலப்பக்கத் திரை

மயூர் விஹாரில் இந்த வீட்டை நாங்கள் வாங்கியது ஒரு ஜன்னலுக்காக. வேறு உருப்படியான காரணம் எதுவும் கிடையாது. மூன்றாவது மாடி. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. சமையலறையில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஹாலின் சுவர் ஓரிடத்தில் வெளிப்பக்கமாகப் பிதுங்கி, நடுவில் ஒரு பெரிய கண்ணாடியும் அதன் இரண்டு பக்கமும் சாய்வாக இரண்டு கண்ணாடிகளுமாக நின்றது. புரோக்கர் அதைப் ‘பே விண்டோ, பே விண்டோ’ என்று சொல்லிச் சொல்லியே விலையை ஏற்றினான். அதுவரை லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குவார்ட்டர்ஸில், கம்பி ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணியைப் பார்த்தே காலம் தள்ளியவர்கள் நாங்கள். என் கணவர் அந்தப் பிதுக்கத்துக்குள் போய் நின்று, கீழே இருந்த பூங்காவைப் பார்த்துவிட்டு, “ஏளா, இங்க வந்து நில்லு” என்றார்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டியை அப்படித்தான் கூப்பிடுவான். டெல்லிக்கு வந்த புதிதில் அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மாள் என் பெயரே அதுதான் என்று நினைத்து, வெகுகாலம் என்னை ‘ஏளா ஜி’ என்று அழைத்துக்கொண்டிருந்தாள். நானும் திருத்தவில்லை. அவர் கூப்பிட்டதும் போய் அவர் பக்கத்தில் நின்றேன். அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம்.

அந்த ஜன்னலுக்கு நாங்கள் திரை போடவில்லை. எதிரே பூங்கா. எட்டிப் பார்க்க ஆளில்லாத உயரம். எதற்குத் திரை? ஹாலில் ஜன்னலைப் பார்த்தபடி ஒரு பிரம்பு நாற்காலி போட்டு, ரிட்டயரான பிறகு அவர் சாயங்காலங்களை அதிலேயே கழித்தார். கணக்குத் துறையில் உத்தியோகம் பார்த்த மனிதர். ஆளைப் பார்த்தாலே ஆடிட் என்று எழுதியிருக்கும். நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவள். வாயாடி. இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது எப்படி என்று எங்கள் பெண்ணே கேட்பாள்.

மறதி நோய் எப்போது வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியவந்த நாள் மட்டும் தெரியும். ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு அப்பளமும் நல்லெண்ணெயும் வாங்கப் போனவர், வாங்கிக்கொண்டு, சாலையைக் கடந்து நேராகப் பழைய குவார்ட்டர்ஸுக்குப் போய், யாரோ ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி என்னைக் கூப்பிட்டிருக்கிறார். அந்த வீட்டுக்காரப் பையன் நல்லவன். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, அவருடைய போனிலிருந்து என்னை அழைத்தான். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் எண்ணெய் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “வீட்டுக்குள்ள எல்லாத்தையும் மாத்திப் போட்டிருக்க” என்று என்னைக் கடிந்துகொண்டார்.

போன வருஷம் மழைக்காலத்தில் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். திரும்பி வந்ததிலிருந்து என்னைச் ‘சிஸ்டர்’ என்று கூப்பிட ஆரம்பித்தார். டெல்லி ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்றால் பெரும்பாலும் கேரளத்துப் பெண்தான். அதனால் என்னையும் கேரளத்தில் சேர்த்துவிட்டார். நான் வைத்த இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, “கேரளாக்காரங்களுக்கு இட்லி இவ்வளவு மெத்துனு வருமா?” என்று வியந்தார். ஆஸ்பத்திரி வாசனை இன்னும் போகவில்லை, நாளடைவில் தெளிந்துவிடும் என்று நினைத்தேன். பெண்ணிடம் போனில் சொல்லிச் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

தீபாவளி கழிந்து, பொழுது சீக்கிரம் சாயத் தொடங்கியபோது அந்த மூன்று பேரும் வந்தார்கள்.

“சிஸ்டர், வெளியில மூணு பேரு நிக்காங்க” என்றார். மூன்றாவது மாடி ஜன்னலுக்கு வெளியே யார் நிற்பார்கள்? நான் எட்டிப் பார்த்து, யாருமில்லை என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, “ஆடிட் பார்ட்டி. முதல்ல டீ குடுங்க” என்றார். எதிர்த்துப் பேச வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று கப் டீ போட்டு ஜன்னல் திண்டில் வரிசையாக வைத்தேன். அவர்கள் குடிக்கவில்லை என்று அவருக்கு வருத்தம். ஆறிப்போனதை நான்தான் ஒவ்வொன்றாகக் குடித்தேன், டீத்தூள் விற்கிற விலையில்.

நாலைந்து நாளில் டீ கொடுக்கிற மரியாதையெல்லாம் போய்விட்டது. அவர்கள் ஏன் போகமாட்டேன் என்கிறார்கள், எதைத் தேடுகிறார்கள், தன்னையே ஏன் முறைக்கிறார்கள் என்று கேட்க ஆரம்பித்தார். சாயங்காலம் ஆனால் நாற்காலியில் இருப்புக்கொள்ளாது. எழுந்து ஜன்னலுக்குள் போய் நின்று “போங்கய்யா” என்பார். பின்வாங்குவார். மறுபடி போவார்.

விஞ்ஞான டீச்சருக்கு விஷயம் புரியவே அத்தனை நாள் ஆனது என்பது எனக்கு இன்றைக்கும் வெட்கம். எங்கள் வீட்டில் விளக்கு வைக்கிற நேரம் வந்தால் சாமி விளக்கை ஏற்றி, வீட்டிலுள்ள அத்தனை லைட்டையும் போட்டு, வாசல் கதவைச் சற்று நேரம் திறந்து வைப்பேன். மூதேவி அண்டாமல், லட்சுமி உள்ளே வர வேண்டும். உள்ளே வெளிச்சம், வெளியே இருட்டு. கண்ணாடி முகம் பார்க்கிற கண்ணாடியாகிவிடும். பிதுக்கத்துக்குள் போய் நின்றால் மூன்று பக்கமும் அவரே நின்றார், நரைத்த தாடியோடு, முறைத்துக்கொண்டு. லட்சுமியைக் கூப்பிடுகிறேன் என்று தினமும் சுவிட்சைத் தட்டி அந்த மூவரை நான்தான் அழைத்து வந்திருக்கிறேன். ஒருநாள் லைட் போடாமல் உட்கார்ந்து பார்த்தோம். இருட்டு அவரை இன்னும் பயமுறுத்தியது.

பித்தளைச் சொம்பை எடுத்து அவர் நடுக்கண்ணாடியில் வீசியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கண்ணாடி விரிசலோடு தப்பித்தது. அன்றைக்குப் பார்த்து குருகிராமிலிருந்து பெண் வந்திருந்தாள். அவள் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறாள், டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். சொம்பு விழுந்த சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து ஓடிவந்தவள், அவள் அப்பா சோபாவுக்குப் பின்னால் குந்தியிருப்பதைப் பார்த்தாள். ஆபீஸில் அவர் நடந்து வந்தால் கிளார்க்குகள் எழுந்து நிற்பார்கள். வேட்டி நனைந்திருந்தது. நான் அவரைத் தூக்கி உட்கார வைத்தேன். அவள் அசையாமல் நின்றாள்.

பிறகு சமையலறைக்கு வந்து, “அம்மா, நீ ப்ராக்டிகலா யோசி. அகேலி, தனியா உன்னால எவ்வளவு நாள் முடியும்?” என்றாள். அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இப்படிப்பட்டவர்களுக்கென்று ஒரு இல்லம் இருக்கிறதாம். தோட்டம் இருக்கிறதாம். பயிற்சி பெற்ற ஆட்கள் இருக்கிறார்களாம். எல்லாம் விசாரித்து வைத்திருந்தாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் இவர் அங்கே போய், விடிந்தால் எந்த முகத்தில் விழிப்பார்?

“பொங்கல் வரைக்கும் டயம் குடு. ஜன்னல மூடிட்டுப் பாக்கேன். இந்தப் பயம் போயிட்டா அவர நான் வச்சுக்கிடுவேன்” என்றேன். சாயங்காலத்தில் ஜன்னல்களைக் கனமான எதையாவது போட்டு மூடுங்கள் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். “அச்சா. பொங்கல்” என்றாள் பெண்.

மூன்று பக்க ஜன்னலுக்குத் திரை போடுவது லேசில்லை என்று லாஜ்பத் நகர் கடையில்தான் தெரிந்தது. ஜன்னல் எப்படி வளைகிறதோ அப்படியே ராடையும் வளைத்து ஆர்டர் செய்ய வேண்டுமாம். அதற்குத் தனி ஆள் வந்து அளவெடுப்பானாம். வெளிச்சம் ஊடுருவாத துணி, உள்துணி, தையல்கூலி என்று கடைக்காரர் அடுக்கிக்கொண்டே போனார். கடைசியாக அவர் சொன்ன தொகையைக் கேட்டு, கொடுத்த தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். எங்கள் இரண்டு பேர் பென்ஷனும் மருந்துக்கும் டாக்டருக்குமே போதும் போதாததாக இருந்தது. பெண்ணிடம் கேட்டால் கொடுப்பாள். அவள் காசை வாங்கினால் அவள் பேச்சையும் கேட்டாக வேண்டும். அதனால் கேட்கவில்லை.

வீட்டில் ஒரு பவானி ஜமக்காளம் இருந்தது. லக்ஷ்மிபாய் நகரில் எந்தத் தமிழர் வீட்டில் பஜனை என்றாலும், வளைகாப்பு என்றாலும் அதை வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். நூறு பேர் உட்கார்ந்து எழுந்தாலும் கசங்காத முரட்டு ஜமக்காளம். இதைவிடக் கனமான துணி டெல்லியில் கிடையாது, இதை விட்டுவிட்டு எங்கே அலைந்தேன் என்று என்னையே மெச்சிக்கொண்டு, ஆணி அடித்து, கம்பி கட்டி, அதை மாட்டினேன். கம்பீரமாகத்தான் இருந்தது. சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஆணியும் சுவர்ச் சாந்தும் ஜமக்காளமுமாக மொத்தமும் திண்டில் வந்து விழுந்தது. புழுதி அடங்கியதும் கண்ணாடியில் மறுபடி அவர்கள். இவர் அவர்களைப் பார்த்து, “அடி ஒண்ணும் படலையே?” என்று கேட்டார். ஒரு நிமிஷம் அவருக்குப் பயம் மறந்துபோயிருந்தது. நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையானது என்று கவனிக்கவில்லை.

கரோல் பாக் பக்கம், ஹோட்டல்களில் கழித்துப் போட்ட திரைகளை விற்கிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்று கீழ்வீட்டு அம்மாள் சொன்னாள். அவளையே இவருக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டுப் போனேன். கருகின வெல்லப்பாகு நிறத்தில், பின்பக்கம் ரப்பர் பூசின திரைகள். ஒவ்வொன்றும் ஒரு ஆள் கனம். எந்தெந்த ஊர்க்காரன் பிடித்த சிகரெட் நாற்றமோ, எல்லாம் அதில் இருந்தது. பேரம் பேசி, மூட்டையாகக் கட்டி, மெட்ரோவில் கொண்டுவந்தேன். செக்யூரிட்டிப் பெண் மூட்டையை அமுக்கிப் பார்த்து என்ன இது என்று இந்தியில் கேட்டாள். இந்தியில் திரைக்கும் பர்தா என்றுதான் பெயர். பர்தா என்றேன். இத்தனையுமா என்றாள். ரப்பர் பூச்சு இருப்பதால் துவைக்கவும் முடியாது. மொட்டை மாடியில் காயப்போட்டு, தினமும் ஏறிப் போய் உதறினேன். டெல்லிப் புகையில் உதறினால் எதுதான் சுத்தமாகும்? ஆனாலும் சிகரெட் வாடை கொஞ்சம் அடங்கியது.

வளைந்த ராடு கட்டுப்படி ஆகாது என்றால் நேர் ராடு மூன்று போட்டால் என்ன? ஹார்டுவேர் கடையில் தண்ணீர்க் குழாய்க்கு விற்கிற இரும்புப் பைப்பை மூன்று கண்ணாடிக்கும் தனித்தனி அளவில் வெட்டி வாங்கினேன். கறுப்புப் பெயின்ட் நானே அடித்தேன். ஜமக்காளம் கற்றுக்கொடுத்த பாடத்தில், சாந்தில் துளை போடக் கூடாது, ஜன்னலுக்கு மேலே ஓடும் கான்கிரீட்டில் போட வேண்டும் என்று டிரில் மிஷின்காரரிடம் சொல்லிவிட்டு அவர் கூடவே நின்றேன். நடுப்பைப் நீளமென்பதால் நடுவிலும் ஒரு தாங்கி. துணியின் அகலம் ஜன்னலின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு இருந்தால்தான் மடிப்பு அழகாக விழும் என்றார்கள். எனக்கு ஒன்றரை மடங்குதான் தேறியது. அழகு யாருக்கு வேண்டும்?

மாட்டியது ஒரு ஞாயிறு. டிரில் சத்தம் தீர்கிற வரைக்கும் பெண் அவரைப் பூங்காவுக்கு அழைத்துப் போயிருந்தாள். திரும்பி வந்ததும் ஏணியில் ஏறினாள். நான் கீழிருந்து திரையைத் தோளில் தாங்கி வளையங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். “ஜல்தி அம்மா, கை வலிக்குது” என்பாள். இவர் நாற்காலியில் உட்கார்ந்து எங்களை மேற்பார்வை பார்த்தார். எல்லாம் முடிந்ததும் இறங்கி வந்து, தள்ளி நின்று பார்த்துவிட்டு, “அம்மா, ஏதோ சஸ்தா ஹோட்டல்ல மட்டமான ரூம் போட்ட மாதிரி இருக்கு” என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். அவரும் எங்களைப் பார்த்துச் சிரித்தார். அந்த வருஷத்தில் நாங்கள் சந்தோஷமாக இருந்த நாள் எது என்று கேட்டால் நான் அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்வேன்.

மறுநாள் ஒரு சிக்கல் தெரிந்தது. இரண்டு பைப்புகள் சந்திக்கிற மூலைகளில் திரையும் திரையும் சேராமல் நாலு விரல் கண்ணாடி தெரிந்தது. அதற்குள் அவர் ஒரு கண்ணையும் அரை மீசையையும் கண்டுபிடித்துவிட்டார். ஒட்டிப் பிரிக்கிற நாடாவை விளிம்புகளில் தைத்து மூலைகளை மூடினேன். அந்த மூன்று பேரும் அடங்கிப்போனார்கள்.

“ஆடிட் முடிஞ்சுதா?” என்று கேட்டார்.

“முடிஞ்சுது.”

“அப்ஜெக்ஷன் ஒண்ணும் இல்லையே?”

“ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்குன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க.”

அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பெண்ணுக்குப் போன் போட்டுப் பெருமையடித்துக்கொண்டேன். இல்லத்தைப் பற்றி அவள் பேச்செடுக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, சாயங்காலச் சாப்பாட்டை அவர் ஒதுக்க ஆரம்பித்தார். தட்டை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்ப்பார். எழுந்து போய் ஓரத்தைத் தடவுவார். நாடாவைப் பிரிக்கத் தெரியாமல் திரும்பி வருவார். பயம் இல்லை. எதையோ தொலைத்தவர் போல இருந்தார். ஒருநாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பது போல, “சிஸ்டர், எங்க வீட்ல எங்க போயிருக்கா?” என்று கேட்டார்.

எங்கள் ஊர் ஆண்கள் ‘வீட்ல’ என்றால் பெண்டாட்டி. “எங்கயும் போகல. நான்தான், இங்கதான இருக்கேன்” என்றேன்.

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். பிறகு, மனம் புண்படக் கூடாதே என்கிற அக்கறையோடு, “நீங்க இல்ல சிஸ்டர். தப்பா நெனைக்காதீங்க. என் வொய்ஃப்” என்றார். கோபப்பட்டிருந்தால்கூட நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அந்த மரியாதையை என்ன செய்வது?

அதற்குப் பிறகு தினமும் கேட்டார். ஊருக்குப் போயிருக்காங்க என்று சொன்னால், சொல்லாமல் போகமாட்டாளே என்பார். ஒருநாள், “கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாளோ?” என்று கேட்டவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரை மாட்டுவதற்கு முன்னால் அவர் என்னைத் தேடி ஒருநாளும் அழுததில்லை. அது ஏன் என்று நான் யோசிக்கவில்லை. நோய் முற்றுகிறது என்று நினைத்தேன்.

வலப்பக்கத் திரையின் கீழ்மடிப்பு, கனம் தாங்காமல் தையல் விட்டுத் தொங்கியது. பகலில் அதைக் கழற்றி எடுத்துத் தைக்க உட்கார்ந்தேன். முரட்டு ரப்பரில் ஊசி இறங்கவில்லை. அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. ஒரு கண்ணாடி மட்டும் திறந்து கிடக்கிறதே, அந்த ஆள் வந்துவிடுவானே என்ற பதைப்போடு அவருக்கு உப்புமாவைக் கிண்டி, தட்டில் போட்டுக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தேன்.

“ஏளா” என்றார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

“இத்தன நாளா எங்க போயிருந்த? சொல்லிட்டுப் போகக் கூடாதா?”

எத்தனை மாதம் கழித்து அந்தக் குரல். வந்துவிட்டார், திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பியிருக்கவே இல்லை. நான் அவருக்கு இடப்பக்கமாக, சற்றுப் பின்னால் நின்றிருந்தேன். அவர் வலப்பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணாடியில் சமையலறை வாசல் தெரிந்தது, அதில் தட்டோடு ஒரு பெண்.

படுகோணமும் மீள்கோணமும் சமம் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன். நடுக்கண்ணாடிதான் நாற்காலியில் இருப்பவரை அவருக்கே காட்டும். சாய்ந்து நிற்கிற வலப்பக்கத்துக் கண்ணாடி அவரைக் காட்டாது. அறையின் இடப்பக்கத்தைத்தான், சமையலறை வாசலைத்தான் காட்டும். நான் அடுப்பு வேலையாக உள்ளேயும் வெளியேயும் போய்வந்த ஒவ்வொரு சாயங்காலமும், அவர் அங்கே தன் பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அதனால்தான் தேடவில்லை. அந்த மூன்று பேரைத் துரத்துகிறேன் என்று, கூடவே அவளையும் நான் துரத்திவிட்டேன்.

தட்டை அங்கேயே கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன். “நான்தான். பாருங்க, நான்தான் அது” என்றேன். அவர் முகம் மூடிக்கொண்டது. என் தோளுக்கு மேலாக எட்டி, கண்ணாடியில் காலியாகிப்போன வாசலைத் தேடினார்.

“சிஸ்டர், கொஞ்சம் தள்ளிக்கிடுங்க. மறைக்குது” என்றார்.

தள்ளிக்கொண்டேன். சமையலறைக்குள் போய், சிங்க்கைப் பிடித்துக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவர் என்னை மறந்துவிட்டார் என்பதை எப்படியோ தாங்கியிருந்தேன். மறக்கவில்லை என்பதைத் தாங்க முடியவில்லை. எனக்கு அந்தக் கண்ணாடிக்காரியின் மேல் பொறாமையாக இருந்தது, என் மேலேயே எனக்கு. அவளுக்குச் சுருக்கம் தெரியாது. பின்னால் இருட்டு இருப்பதால் நரையும் தெரியாது. கொண்டையும் தோளும் இடுப்பில் செருகிய முந்தானையும் மட்டும்தான் தெரியும். அவள் மாத்திரையை வாயில் திணிப்பதில்லை, குளிக்க வரச்சொல்லி இழுப்பதில்லை, வேட்டியை அவிழ்ப்பதில்லை. அதையெல்லாம் செய்கிறவள் சிஸ்டர்தானே.

பெண்ணிடம் போனில் சொன்னேன். “அம்மா, அந்தப் பக்கத்தையும் மூடிடு. நீ எவ்வளவு தாங்குவே? கொஞ்ச நாள்ல பாப்பா அவளையும் மறந்துடுவார்” என்றாள். அப்பாவை அவள் இந்தியில் பாப்பா என்றுதான் சொல்வாள். அவள் சொன்னது நிஜம். மூடினால் மறந்துவிடுவார், அப்புறம் யாரையும் தேடி அழமாட்டார். நிம்மதியாக இருப்பார். அவருக்காகத்தானே இத்தனை பாடும்? ஆனால் இந்த உலகத்தில் அவர் என்னை இன்னும் அறிகிற இடம் அந்த ஒரு கண்ணாடிதான். அதை என் கையாலேயே இழுத்து மூட என்னால் முடியவில்லை. தைத்து முடித்த திரையை மறுபடி மாட்டினேன், மாட்டி ஓரமாக ஒதுக்கிக் கட்டிவிட்டேன். மூன்று தனிப்பைப் போட்டதில், மற்ற இரண்டும் மூடியிருக்க இது மட்டும் திறந்திருக்க முடிந்தது.

இப்போது எங்கள் சாயங்காலம் இப்படித்தான் போகிறது. நாற்காலி நகராதபடி அதன் கால்களுக்கு ரப்பர் வைத்திருக்கிறேன். விளக்கு ஏற்றி, லைட்டுகளைப் போட்டு, சிஸ்டராகத் தட்டைக் கொண்டுபோய் அவர் மடியில் வைக்கிறேன். பிறகு சமையலறை வாசலுக்குத் திரும்பி, சரியான இடத்தில் நின்றுகொள்கிறேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பிக்கிறார். அன்றைக்கு நடந்ததைச் சொல்வார். சிஸ்டர் ரொம்பக் கண்டிப்பு என்று புகார் சொல்வார். வெந்நீர் கொதிக்கக் கொதிக்க ஊற்றுகிறாள் என்பார். நான் அவளிடம் சொல்லி வைக்கிறேன் என்பேன். குரல் பின்னாலிருந்து வருகிறதே என்று அவர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. வேலை எல்லாம் அப்படியே கிடக்கும், கால் கடுக்கும். அவர் பார்வை திரும்புகிற நேரத்தில் அவசரமாக உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன்.

பொங்கல் வந்து போனது. பெண் வந்து, கரும்பு கடித்துவிட்டு, வாசலில் நான் நிற்பதைச் சாப்பாட்டு மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லத்தைப் பற்றிக் கேட்கவில்லை. போகும்போது என்னைக் கட்டிக்கொண்டு, சட்டென்று விட்டுவிட்டு, லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கிப் போனாள்.

நேற்று பனி மூட்டம், எதிர்ப்பூங்கா பகலிலேயே தெரியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றேன். அவர் இரண்டு தோசை சாப்பிட்டு முடித்து, கை கழுவாமல், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

“இந்த சிஸ்டர் நல்லாத்தான் பாத்துக்கிடுதாங்க” என்றார். “கூப்பிட்ட குரலுக்கு வாராங்க. மொகம் சுளிக்க மாட்டாங்க. அதுக்காக எத்தன நாளு இன்னொரு மனுஷியப் போட்டுக் கஷ்டப்படுத்துறது? அவங்களுக்கும் குடும்பம் இருக்கும்லா. நீ வந்துரு.”

“வாரேன்” என்றேன்.

“எப்ப?”

பின்னால் பால் சத்தம் மாறியது. அடுப்பை அணைக்க வேண்டுமென்றால் ஓர் எட்டு உள்ளே வைக்க வேண்டும். வைத்தால் கண்ணாடியிலிருந்து போய்விடுவேன். அவர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்ப வருவ, ஏளா?”

“சீக்கிரமா வந்துருதேன்” என்று சொல்லிவிட்டு நகராமல் நின்றேன். பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்தது.